டீச்சரிடம் கேளுங்கள்: சர்க்கரைச் செம்பும் கேஸ் பலூனும்

போன இதழில் கோடைக்காலக் கிணறுகளைப் பற்றி எழுதும்போது ‘கனநீர்’ என்ற ஒரு சொல்லைப் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. சித்திரைத் திருவிழாவுக்குச் சில வாரங்களே இருப்பதால் பலூன் கேள்வியும் வந்திருக்கிறது. எல்லாமே சுற்றிச் சுற்றி ஹைட்ரஜன் வாசலுக்குத்தான் வருகின்றன. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்குத்தான்.

கேள்வி: டீச்சர், எங்கள் தெருவில் புது போர் போட்டிருக்கிறோம். சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. குக்கர் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. பக்கத்து வீட்டுப் பையன், “இது கனநீர் அக்கா, அணு உலையில் ஊற்றுகிற தண்ணீர்” என்று சொல்லிப் பயமுறுத்துகிறான். குடிக்கலாமா, கூடாதா?
– வாசகி, வில்லாபுரம்

பயப்படாதீர்கள் அம்மா. உங்கள் போரில் வருவது கடின நீர். பையன் சொன்னது கனநீர். பெயர்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே தவிர, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இருபத்தொன்பது வருடம் வேதியியல் நடத்தினேன். இந்த இரண்டையும் மாற்றி எழுதாத வகுப்பு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

கடின நீர் என்பது நம் சாதாரணத் தண்ணீர்தான். பாறை இடுக்குகளில் தங்கித் தங்கி வருவதால் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதில் கூடுதலாகக் கரைந்திருக்கும். சோப்பைத் தேய்த்தால் அந்த உப்புகள் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் பிரிந்துவிடும், நுரை எழும்பாது. கொதிக்கும்போது அதே உப்பில் ஒரு பகுதி குக்கர் அடியில் உட்கார்ந்துவிடும். துவரம்பருப்பு வேகவும் நேரம் எடுக்கிறதா? அதற்கும் இதுதான் காரணம்.

கனநீரில் எதுவும் கரைந்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரே எடை கூடியது. சாதாரண ஹைட்ரஜன் அணுவின் கருவில் ஒரே ஒரு புரோட்டான் மட்டும் இருக்கும். ஆனால் சுமார் 6,400 அணுவுக்கு ஒன்றில் அந்தப் புரோட்டானோடு ஒரு நியூட்ரானும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுதான் டியூட்டீரியம். இன்னும் ஒரு நியூட்ரான் சேர்ந்தால் டிரிட்டியம். மூன்றும் ஹைட்ரஜன்தான், ஒரு வீட்டு அண்ணன் தம்பி மாதிரி. டியூட்டீரியத்தை மட்டும் பிரித்தெடுத்து அதிலிருந்து செய்த தண்ணீர் கனநீர். நம் தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்றால் அது சுமார் ஒரு கிலோ நூறு கிராம் இருக்கும். 3.8 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். அந்த ஐஸ் கட்டியை நம் தண்ணீரில் போட்டால் மிதக்காது, நேராக அடிக்குப் போய்விடும்.

நீங்கள் இடுப்பில் வைத்துத் தூக்கும் பதினைந்து லிட்டர் குடத்தில் சுமார் அரை கிராம் டியூட்டீரியம் இருக்கிறது. வைகைத் தண்ணீரானாலும் சரி, மழைத் தண்ணீரானாலும் சரி, இதே கணக்குதான். உங்கள் பாட்டி சுமந்த குடத்திலும் இருந்தது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

குடிப்பதற்கு முன் ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டினால் துவைக்க, கழுவ வைத்துக்கொள்ளுங்கள், குடிக்க வேண்டாம்.

கேள்வி: கனநீரைக் குடித்தால் செத்துப்போவோமா? அதற்கு ருசி உண்டா? அதை எங்கே செய்கிறார்கள்?
– பதினொன்றாம் வகுப்பு மாணவன், மேலூர்

ஒரு தம்ளர் குடித்தால் ஒன்றும் ஆகாது தம்பி. சுமார் பத்து நாளில் பாதி வெளியே போய்விடும், மீதியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். விலங்குகளில் சோதித்துப் பார்த்தபோது, உடம்புத் தண்ணீரில் கால் பங்குக்கு மேல் கனநீராக மாறினால் இனப்பெருக்கம் கெடுகிறது, பாதியைத் தொட்டால் உயிர் பிழைப்பதில்லை. செல்கள் இரண்டாகப் பிரியும் வேலை அந்தக் கனமான ஹைட்ரஜனோடு சரியாக நடப்பதில்லை. ஆனால் அந்த அளவுக்கு ஒருவர் நாள்கணக்கில் கனநீரை மட்டுமே குடிக்க வேண்டும். அதன் விலைக்கு அது நடக்கிற காரியமில்லை. அறுபது கிலோ எடையுள்ள ஆளின் உடம்பில் இப்போதே சுமார் 2 கிராம் டியூட்டீரியம் இருக்கிறது, தெரியுமா?

ருசி கேட்டாயே, நல்ல கேள்வி. டியூட்டீரியத்தை 1931-இல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஹரால்டு யூரி. லிட்டர் கணக்கில் திரவ ஹைட்ரஜனை மெதுவாக ஆவியாக விட்டு, கடைசியில் மிஞ்சிய துளியில் கனமானது சேர்ந்திருக்கிறதா என்று தேடினார். இருந்தது. 1934-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவரே கனநீரைச் சுவைத்துப் பார்த்து, சாதாரணத் தண்ணீருக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்று சொன்னார். அது தவறு. மனிதர்களுக்குக் கனநீர் லேசாக இனிக்கிறது, நாக்கில் சர்க்கரையை உணர்கிற அதே சுவை ஏற்பிதான் இதையும் உணர்கிறது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. எலிகளுக்கு அந்த இனிப்புத் தெரியவில்லை. நோபல் வாங்கியவர் சொன்னதையும் எண்பது வருடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்கிறார்களே, அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

செய்த இடம் ஒன்றைச் சொல்ல ரொம்பத் தூரம் போக வேண்டாம். நம் தூத்துக்குடியிலேயே உர ஆலைக்குப் பக்கத்தில் கனநீர் ஆலை கட்டினார்கள், 1978-இல் அது ஓடத் தொடங்கியது. ஏன் உர ஆலைக்குப் பக்கத்தில்? யூரியாவுக்கு அமோனியா வேண்டும். அமோனியாவில் ஒரு நைட்ரஜனுக்கு மூன்று ஹைட்ரஜன். ஆக உர ஆலைக்குள் டன் கணக்கில் ஹைட்ரஜன் போய்க்கொண்டே இருக்கும். போகிற வழியில் அதிலிருக்கும் துளி டியூட்டீரியத்தை மட்டும் அமோனியாவுக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு, மீதியை உரத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தயிரில் வெண்ணெயைக் கடைந்தெடுத்துவிட்டு மோரை வீட்டுக்கு வைத்துக்கொள்வது போலத்தான். கல்பாக்கத்தில் 1983-இல் இயங்கத் தொடங்கிய அணு உலை கனநீரில் ஓடும் வகையைச் சேர்ந்தது. யுரேனியம் பிளக்கும்போது சீறி வரும் நியூட்ரான்களை வேகம் குறைக்க வேண்டும், அதே சமயம் விழுங்கிவிடவும் கூடாது. நம் தண்ணீர் கொஞ்சம் விழுங்கிவிடும், கனநீர் அநேகமாக விழுங்காது. அதனால் செறிவூட்டாத யுரேனியத்தை வைத்தே உலையை ஓட்ட முடிகிறது.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கிணறு கண்மாய்க் கரையிலிருந்து இரண்டு வயல் தள்ளி இருக்கிறது. கண்மாயைத் தூர்வாரி நீர் நிறுத்தினால் கிணறு ஊறும் என்கிறேன் நான். மழை நேரடியாக இறங்கித்தான் கிணறு ஊறுகிறது, கண்மாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார் பங்காளி. இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– விவசாயி, மேலூர் பக்கம்

உண்டு ஐயா. இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. டியூட்டீரியம் உங்கள் பங்காளிச் சண்டையைத் தீர்த்து வைக்கும்.

வீட்டில் அம்மா முறத்தில் நெல் புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் பதர் பறக்கும், மணி முறத்திலேயே நிற்கும். வெயிலும் கண்மாயில் அதே வேலையைத்தான் செய்கிறது. தண்ணீர் மூலக்கூறுகளில் லேசானவை சீக்கிரம் ஆவியாகிப் பறந்துவிடும். டியூட்டீரியம் கலந்தவை கொஞ்சம் சோம்பல், பின்தங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் முழங்கால் ஆழத்துக்கு வற்றிய கண்மாய்த் தண்ணீரில் டியூட்டீரியத்தின் பங்கு மழைத் தண்ணீரில் இருந்ததைவிடக் கூடியிருக்கும். மிகச் சிறிய வித்தியாசம்தான். நாக்குக்கோ கண்ணுக்கோ தெரியாது, ஆய்வகக் கருவிக்குத் தெரியும்.

தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனுக்கும் இதே போலக் கனமான அண்ணன் ஒருவர் உண்டு, ஆக்சிஜன்-18 என்று பெயர். உலகம் முழுக்க மழை நீரை எடுத்து இந்த இரண்டையும் அளந்து தாளில் புள்ளி வைத்தால், புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுகின்றன. 1961-இல் ஹார்மன் கிரெய்க் என்ற விஞ்ஞானி இதை எழுதினார். வெயிலில் கிடந்து வற்றிய தண்ணீரோ அந்தக் கோட்டை விட்டு விலகிப் போய்விடும். ஆக, உங்கள் கிணற்றுத் தண்ணீர் மழைக்கோட்டிலேயே நின்றால் பங்காளி சொன்னது சரி. கண்மாயைப் போலவே விலகி நின்றால் நீங்கள் சொன்னது சரி. நடுவில் நின்றால் இரண்டும் கலந்து ஊறுகிறது. எந்த அளவு என்றுகூடக் கணக்குப் போட்டுவிடலாம். மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீரும் வருவதால் அதிலும் ஒரு பாட்டில் எடுத்து ஒப்பிட வேண்டும்.

டிரிட்டியத்தை வைத்துத் தண்ணீருக்கு வயதும் பார்த்திருக்கிறார்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் ஹைட்ரஜன் குண்டுகளை வெடித்துப் பார்த்தன. அதனால் மழையில் டிரிட்டியம் ஏகமாகக் கூடியது, 1963 வாக்கில் உச்சத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு பெய்த மழை நிலத்துக்குள் இறங்கியிருந்தால் அந்தத் தடம் அதில் இருக்கும். ஆழ்துளைக் கிணற்றில் டிரிட்டியம் அறவே இல்லை என்றால், அந்தத் தண்ணீர் அதற்கும் முந்திய காலத்தில் இறங்கியது என்று அர்த்தம். நம் தாத்தா காலத்து மழையை நாம் மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டிருக்கிறோம். அதை எடுத்தால் சீக்கிரம் திரும்ப ஊறாது.

சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும்போது பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் இறுக மூடுங்கள். உள்ளே ஆவியாக இடம் விட்டால் கணக்கு மாறிவிடும். நிலத்தடி நீர் ஆராய்ச்சி நடக்கும் பல்கலைக்கழகத் துறை ஒன்றில் விசாரியுங்கள். பங்காளியையும் கூடவே கூட்டிப் போங்கள், அவர் கையாலேயே தண்ணீர் எடுக்கட்டும்.

கேள்வி: சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை பார்க்கப் பேரனைத் தூக்கிக்கொண்டு போவேன். கேஸ் பலூன் கேட்டு அழுவான். வாங்கிக் கொடுக்கலாமா? பலூன்காரர் சிலிண்டரில் என்னதான் இருக்கிறது?
– தாத்தா ஒருவர், தல்லாகுளம்

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு நான்கு. நீங்கள் இருக்கிற அதே தல்லாகுளத்தில், விடிவதற்கு முன்னால், அழகரை எதிர்கொண்டு நின்றோம். அம்மா கையில் சர்க்கரைச் செம்பு. வாழை இலையால் வாயைக் கட்டி, மேலே சூடம் வைத்து ஏற்றியிருந்தாள். சுற்றிலும் அதே போல நூறு செம்பு, நூறு சுடர். அப்பா தோளில் தம்பி, அவன் மணிக்கட்டில் நூல் கட்டிய சிவப்பு பலூன். கூட்டம் ஒரு பக்கமாக நெருக்கியதில் நூல் அம்மா தோளில் மாட்டி, பலூன் கீழே இறங்கிச் சூடத்தைத் தொட்டது. ‘டப்’ என்று ஒரு சத்தம். நெருப்பு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. முடி கருகிய நாற்றம் மட்டும் வந்தது. தம்பியின் இமை முடியும் நெற்றி முடியும் சுருண்டு பொடியாக உதிர்ந்தன. அம்மா செம்பைக் கீழே போட்டுவிட்டு அவன் முகத்தை முந்தானையால் பொத்தினாள். சர்க்கரை முழுக்க மண்ணோடு போயிற்று. கண் தப்பியது எங்கள் குலதெய்வத்தின் புண்ணியம் என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல வருடம் கழித்து நான் டீச்சராகி, ஆய்வகத்தில் சோதனைக் குழாயில் துத்தநாகத் துண்டு போட்டு, நீர்த்த அமிலம் ஊற்றி, வருகிற வாயுவிடம் எரியும் குச்சியைக் காட்டினேன். பாடப்புத்தகத்தில் “‘பாப்’ என்ற ஒலியுடன் எரியும்” என்று இருக்கும். அந்த ஒலி கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அதே சத்தம். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தச் சோதனையைச் செய்து காட்டிய பிறகு பலூன் கதையையும் சொல்லாமல் வகுப்பை முடித்ததில்லை.

சிலிண்டரில் இருக்க வேண்டியது ஹீலியம். அது எரியாது. ஆனால் விலை அதிகம். அதனால் பல இடங்களில் பழைய இரும்பு சிலிண்டருக்குள் காஸ்டிக் சோடா, அலுமினியத் துண்டு, தண்ணீர் மூன்றையும் போட்டு இறுக மூடிவிடுகிறார்கள். உள்ளே ஹைட்ரஜன் பொங்கி வரும். ஒரு பழைய அலுமினியத் தம்ளர், ஐம்பது கிராம் சொச்சம் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து ஐந்து பெரிய பலூனுக்கு வாயு வந்துவிடும். ஆனால் அந்த வினை பயங்கரச் சூட்டோடு நடப்பது. சூடாக ஆக வேகம் கூடும், வேகம் கூடக் கூட இன்னும் சூடாகும். நிறுத்துவதற்கு வழி கிடையாது. அமுக்கம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்ட மீட்டரும் இருக்காது. துருப்பிடித்த சிலிண்டர் தாங்குகிற வரை தாங்கும், அப்புறம் பிளந்துவிடும். திருவிழாக் கூட்டங்களில் பலூன் சிலிண்டர் வெடித்தது என்று செய்தி வருகிறதே, பெரும்பாலும் இதுதான். முதலில் பலியாவது பலூன் விற்கிறவரும், அவரைச் சுற்றி நிற்கும் குழந்தைகளும். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாள் கூலிக்காக வெடிகுண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பலூனுக்குள் வந்த பிறகும் ஆபத்து போய்விடவில்லை. சமையல் கேஸ் காற்றில் சுமார் 2 முதல் 10 சதவீதத்துக்குள் கலந்திருந்தால்தான் பற்றும். ஹைட்ரஜனோ 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்தக் கலப்பிலும் பற்றிக்கொள்ளும். பற்றுவதற்கு வேண்டிய பொறியும் சமையல் கேஸுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு போதும். கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக் கொடுக்கும், அதற்கென்றே வாசனைப் பொருள் சேர்த்திருக்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. பகல் வெளிச்சத்தில் அதன் சுடரே கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. 1937 மே 6-ஆம் தேதி அமெரிக்காவில் தரையிறங்கப் போன ஹிண்டன்பர்க் என்ற வான்கப்பல் அரை நிமிடம் சொச்சத்தில் எரிந்து விழுந்தது, 36 பேர் இறந்தார்கள். அதற்குள் நிரப்பியிருந்ததும் ஹைட்ரஜன்தான்.

ஹைட்ரஜன் போட்டால்தான் பலூன் நன்றாக ஏறும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பெரிய பலூன் ஒன்று ஹைட்ரஜனில் 15 கிராம் தூக்கும் என்றால் ஹீலியத்தில் 14 கிராம் தூக்கும். பேரனுக்கு அந்த ஒரு கிராம் தெரியப் போவதில்லை.

அழகர் வருகிற வழியில் சர்க்கரைச் செம்பும் உண்டு, திரியெடுத்து ஆடுகிறவர்கள் கையில் தீப்பந்தமும் உண்டு. அந்தக் கூட்டத்துக்குள் கேஸ் பலூன் வேண்டவே வேண்டாம் ஐயா. வாயால் ஊதிய பலூனைக் குச்சியில் கட்டி விற்பார்கள், அதை வாங்கிக் கொடுங்கள். விசிறி வாங்கிக் கொடுங்கள். சிலிண்டர் நிற்கிற இடத்திலிருந்து பேரனைத் தள்ளியே வைத்திருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கதவு மூடிய காருக்குள்ளோ பூஜை அறைக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். வெட்டவெளியில் நூலை அவிழ்த்து மெதுவாகக் காற்றை இறக்கிவிடுங்கள்.

கேள்வி: மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருக்கிறோம். இரண்டு நாளாக அங்கே அழுகிய முட்டை நாற்றம். எலி செத்துக் கிடக்கிறதா என்று தேடிவிட்டேன், இல்லை.
– வாசகி, அனுப்பானடி

எலி இல்லை அம்மா, பேட்டரிதான். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறி, சூடாகி, உள்ளே இருக்கும் கந்தக அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறது. முதலில் கதவு, ஜன்னலைத் திறங்கள். அந்த இடத்தில் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ வேண்டாம், விளக்கு, ஊதுபத்தி கூடாது. ஏனென்றால் நாற்றமடிக்கும் வாயுவோடு நாற்றமில்லாத ஹைட்ரஜனும் சேர்ந்து வந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வெளியே இருக்கும் மெயினை அணைத்துவிட்டு பேட்டரிக்காரரைக் கூப்பிடுங்கள். நல்ல பேட்டரியிலும் மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் குறைகிறதே, அதில் பெரும்பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து அறைக்குள் போனதுதான். படிக்குக் கீழே மூடிய அலமாரி பேட்டரிக்கு ஏற்ற இடமில்லை.

இதோடு ஒன்று. செப்டிக் டேங்கிலும் சாக்கடைக் குழியிலும் பாழ்கிணற்றிலும் இருப்பது இதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். கொஞ்சமாக இருக்கும்போது மூக்கைத் துளைக்கும். அதிகமானால் மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடும், நாற்றம் நின்றுபோன மாதிரி இருக்கும். “இப்போது நாற்றம் இல்லை, இறங்கலாம்” என்று நினைக்கிற நேரம்தான் உயிர் போகிற நேரம். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியிலேயே தங்கும். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கிற வழக்கமும் இதற்கு உதவாது. ஆக்சிஜன் இல்லை என்றால் விளக்கு அணையும், அவ்வளவுதான். விஷ வாயு இருந்தாலும் எரிந்துகொண்டே இருக்கும், சில சமயம் வாயுவே பற்றிக்கொள்ளும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரி வைத்து உறிஞ்சுங்கள். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டாலும் இன்னொருவர் அப்படியே குதிக்காதீர்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்தே போன செய்திகளைப் படித்துப் படித்து மனசு ஆறவில்லை.

கேள்வி: ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கிற வேட்டித் துணியில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை விழுகிறது. சரக்கு திரும்பி வருகிறது. பெராக்சைடு சரியில்லையா?
– சாயப்பட்டறைத் தொழிலாளி, செல்லூர்

தம்பி, எங்கள் அப்பாவும் செல்லூரில் பட்டறை வைத்திருந்தவர்தான். துணியை வெயிலுக்கு நேராகப் பிடித்து ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு வளையம் தெரிகிறதா? அப்படியானால் குற்றம் பெராக்சைடில் இல்லை, துருவில் இருக்கிறது.

தண்ணீரில் ஒரு ஆக்சிஜன், பெராக்சைடில் இரண்டு. அந்த இரண்டாவது ஆக்சிஜன் எப்போது கழன்று ஓடலாம் என்று காத்திருக்கும். நிதானமாகக் கழன்றால் துணி வெளுக்கும். அதற்காகத்தான் சிலிகேட் சேர்க்கிறோம், அது பிடித்து நிறுத்தும். ஆனால் ஒரு துளி இரும்புத் துரு துணியில் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் பெராக்சைடு வெறிபிடித்த மாதிரி உடையும், நூலையே அரித்துவிடும். அப்பா தொட்டிக்குத் தண்ணீர் விடும் குழாய் வாயில் எப்போதும் நாலு மடிப்பு வெள்ளைத் துணி கட்டியிருப்பார். சாயங்காலம் அவிழ்த்தால் செம்மண் பூசிய மாதிரி இருக்கும். போர்த் தண்ணீரையும், பழைய இரும்புக் குழாயையும், தொட்டிக்குள் தெரியாமல் விழுந்த ஆணியையும் பாருங்கள். 50 சதவீதப் பெராக்சைடைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் போடுங்கள்.

மருந்துக்கடையில் கிடைப்பதும் இதே பெராக்சைடுதான், தண்ணீர் கலந்தது. புண்ணில் ஊற்றினால் நுரைக்கும், அது நம் ரத்தத்தில் இருக்கும் நொதி அதை உடைப்பதால். அந்த நுரையை நம்பித் தினமும் ஊற்றாதீர்கள், ஆறுகிற சதையையும் அரித்துவிடும். சோப்பும் நல்ல தண்ணீரும் போதும்.

கேள்வி: ஹைட்ரஜன் தண்ணீர் பாட்டில் என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு நல்லதாமே?
– வாசகர், திருமங்கலம்

வாங்காதீர்கள் ஐயா. ஒரு லிட்டர் தண்ணீரில் சாதாரண அமுக்கத்தில் 1.6 மில்லிகிராம் ஹைட்ரஜன்தான் கரையும். மூடியைத் திறந்ததும் அதுவும் ஓடத் தொடங்கும். மொச்சையும் சுண்டலும் சாப்பிட்ட நாளில் உங்கள் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைவிடக் கூடுதலாக ஹைட்ரஜனை இலவசமாகச் செய்து தருகின்றன. சர்க்கரைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து மாமா 1985-இல் கொண்டுவந்த கைக்கடிகாரம். முள் இருட்டில் பச்சையாக மின்னும். இப்போது மின்னவில்லை. டயலில் ‘T’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. பேட்டரி போட்டால் சரியாகுமா?
– வாசகர், சோழவந்தான்

அந்த எழுத்து டிரிட்டியத்தைக் குறிப்பது. முள்ளில் பூசிய பூச்சில் அதைச் சேர்த்திருப்பார்கள். டிரிட்டியம் தானாகச் சிதைந்து ஹீலியமாக மாறும், அப்போது வெளிவரும் எலெக்ட்ரான் பட்டுத்தான் பூச்சு மின்னியது. பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிரிட்டியம் 12.3 வருடத்துக்கு ஒரு முறை பாதியாகும். நாற்பது வருடத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், பூச்சும் நைந்திருக்கும். அதன் கதிர் தோலைக்கூடத் தாண்டாது, கடிகாரக் கண்ணாடியையும் தாண்டாது. அதனால் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம். கண்ணாடியைக் கழற்றி முள்ளைச் சுரண்ட மட்டும் வேண்டாம், அந்தப் பொடி மூச்சோடு உள்ளே போகக் கூடாது. ரிப்பேருக்குக் கொடுக்கும்போது கடைக்காரரிடமும் அந்த எழுத்தைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.